குறைந்த நீரில் நிறைந்த விளைவு

பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நமக்குத் தண்ணீர் என்றதும் காவிரி நினைவுக்கு வருவது இயல்பே. இங்கே குழாயைத் திறந்தால் வருவதும் காவிரி. தஞ்சையிலே மதகைத் திறந்தால் பாய்வதும் காவிரி. 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. என்றும், கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. என்றும் பங்கு வகுத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வெண்களை வைத்து விடுதி அறைகளிலும் வாதம் நடக்கிறது.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். இரு மாநிலங்களிலும் காவிரியைக் கண்டே அறியாத புன்செய் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. இந்தியாவில் பயிரிடப்படும் நிலத்தில் ஏறத்தாழப் பாதிக்கு வானமே வாய்க்கால். அந்நிலத்து உழவனுக்கு எந்த நீதிமன்றமும் நீர் வழங்க இயலாது. அவன் வயலில் விழுந்த மழைதான் அவனுடைய பங்கு. அப்பங்கைப் பெருக்க எவராலும் முடியாது. ஆனால் அதே நீரைக் கொண்டு ஒரு மூட்டை கூடுதலாக விளைவிக்க முடியுமா? இதுவே மானாவாரிப் பயிர் ஆராய்ச்சியின் தலையாய வினா.

இவ்வினாவுக்குப் பலரும் உடனே தரும் விடை ஒன்று உண்டு. ‘தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் பயிரை உண்டாக்கினால் போயிற்று’ என்பார்கள். இவ்விடையில் பாதி உண்மை, பாதி பிழை. பிழை எங்கே இருக்கிறது என்பதைக் கோதுமை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துத்தான் கண்டார்கள். அவர்கள் நடந்த வழியை முதலில் பார்த்து, பின்பு நம் பெங்களூர்ச் செம்மண்ணுக்கு வருவோம்.

நீரின் வரவு செலவு

ஒரு எக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர். வட கர்நாடகத்தில் தார்வாட், விஜயபுரம் முதலிய பகுதிகளில் கரிசல் மண் உண்டு. அங்கே மழைக்காலம் முடியும் தறுவாயில் கோதுமையை விதைக்கிறார்கள். அதன் பின் பெருமழை கிடையாது. மண்ணில் தேங்கிய ஈரத்தைக் கொண்டே பயிர் கதிர் முற்ற வேண்டும். வேர் எட்டும் ஆழத்தில் 150 மில்லிமீட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு எக்டேருக்கு அது 15 இலட்சம் லிட்டர். கேட்பதற்குப் பெருந்தொகை. அதில் எவ்வளவு விளையும்?

இத்தகைய கணக்கு நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே போடப்பட்டது. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் லெதர் என்னும் வேதியியல் அறிஞர் 1910ஆம் ஆண்டை ஒட்டி, தொட்டிகளில் பயிர் வளர்த்து அவை இழக்கும் நீரை நிறுத்துப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்னும் இருவர் அதே வேலையைப் பெரிய அளவில் செய்தனர். ஒரு கிலோ உலர்ந்த பயிர்ப்பொருளை உண்டாக்கக் கோதுமைக்குச் சுமார் 500 லிட்டர் நீர் வேண்டும் என்றும், சோளத்துக்கும் சிறுதானியங்களுக்கும் சுமார் 300 லிட்டரே போதும் என்றும் அவர்கள் கண்டனர்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 15 இலட்சம் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, பயிரைத் தொடாமலே மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிவிட்டதாகக் கொள்வோம். எஞ்சியது 10 இலட்சம் லிட்டர். கிலோவுக்கு 500 லிட்டர் வீதம் 2,000 கிலோ பயிர்ப்பொருள். அதில் நூற்றுக்கு 60 பங்கு வைக்கோல் என்றால் மணியாக நமக்குக் கிடைப்பது 800 கிலோ. நீர் மூன்று இடங்களில் மெலிவதைக் காண்கிறோம். மண்ணிலிருந்து ஆவியாவது ஒன்று. இலை வழியே வெளியேறுவது மற்றொன்று. மணியாக வேண்டியது வைக்கோலாக நின்றுவிடுவது மூன்றாவது.

இலை நடத்தும் பண்டமாற்று

பயிர் ஏன் இவ்வளவு நீரை வெளியே விடுகிறது? வீணுக்காக அன்று. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமிலவாயு அவற்றின் வழியேதான் உள்ளே வர வேண்டும். அதே வழியே நீராவி வெளியே போகிறது. காற்றில் கரியமிலவாயுவோ பத்தாயிரத்தில் நான்கு பங்கை ஒட்டியே உள்ளது. இலையின் உட்புறமோ எந்நேரமும் ஈரம். ஆதலால் கதவைத் திறந்தால் வருவது சிறிது, போவது பெரிது. கோதுமையில் ஒரு கரியமிலவாயு மூலக்கூறு பயன்படுவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடுகின்றன.

கதவை மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும். ஆனால் உணவும் நின்றுபோகும். பயிரைப் பொறுத்தவரை குறைவாகக் குடிப்பது என்றால் குறைவாக உண்பது என்றே பொருள். முன்னே சொன்ன விடையின் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை இவ்வகையில் சற்று நற்பேறு பெற்றவை. அவை கரியமிலவாயுவை முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட ஒரு பொருளாகப் பிடித்து, இலையின் உட்பகுதியில் செறிவாகச் சேர்த்துக்கொள்கின்றன. ஆதலால் துளையைச் சிறிதே திறந்து வைத்தும் அவற்றால் வாழ முடிகிறது. புன்செய்க் காட்டில் நெல்லை விட்டுக் கேழ்வரகையும் சோளத்தையும் நம் முன்னோர் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று எண்களின் பெருக்கம்

1977ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பாசியூரா இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கினார். வறண்ட நிலத்து விளைவு என்பது மூன்று எண்களின் பெருக்கம். பயிர் பருகிய நீர் முதல் எண். ஒரு லிட்டர் நீருக்கு அது உண்டாக்கிய பயிர்ப்பொருள் இரண்டாம் எண். இதனை நீர்ப் பயன்பாட்டுத் திறன் என்பர். அப்பொருளில் மணியாக மாறிய பங்கு மூன்றாம் எண். இதனை அறுவடைக் குறியீடு என்பர்.

எளிய வாய்பாடுதான். ஆயினும் அதன் பயன் பெரிது. இரண்டு கோதுமைச் செடிகளை எடுத்துக்கொள்வோம். முதற் செடி 20 லிட்டர் நீர் பருகி 44 கிராம் பொருள் தருகிறது. அதன் திறன் லிட்டருக்கு 2.2 கிராம். இரண்டாம் செடி 12 லிட்டர் பருகி 30 கிராம் தருகிறது. அதன் திறன் 2.5 கிராம். திறனில் உயர்ந்தது இரண்டாவது. பொருளில் உயர்ந்தது முதலாவது. இனி, முதற் செடி தொடக்கத்திலேயே நீரைச் செலவிட்டுவிட்டு, மணி பிடிக்கும் காலத்தில் வாடுகிறது என்று கொள்வோம். அதன் பொருளில் நான்கில் ஒரு பங்கே மணியாகிறது. அதாவது 11 கிராம். இரண்டாம் செடியில் ஐந்தில் இரண்டு பங்கு மணியாகிறது. அதாவது 12 கிராம். ஆட்டம் மறுபடியும் மாறிவிடுகிறது.

ஆகவே எந்த ஒரு எண்ணையும் தனியே வைத்துக்கொண்டு ‘இதுவே சிறந்த இரகம்’ என்று சொல்ல முடியாது. ஒன்றை உயர்த்தும்போது மற்றொன்று தாழ்ந்துவிடவும் கூடும்.

கரி அணு சொல்லும் செய்தி

பல்லாயிரம் செடிகளிலிருந்து திறன் மிக்கவற்றைப் பொறுக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் தொட்டியில் வைத்து நாள்தோறும் நிறுத்துக்கொண்டிருக்க இயலுமா? இங்கே இயற்பியல் துணைக்கு வந்தது.

இயற்கையிலுள்ள கரி அணுக்களில் நூற்றுக்கு 99 ஏறத்தாழ 12 என்னும் எடை உடையவை. எஞ்சிய ஒன்று 13 என்னும் எடை உடையது. ஒளிச்சேர்க்கையைத் தொடங்கி வைக்கும் நொதிக்கு இலேசான அணுவே விருப்பம். துளை அகலத் திறந்திருந்தால் புதிய வாயு வந்துகொண்டே இருக்கும்; நொதி தன் விருப்பம்போல் பொறுக்கி எடுக்கும். துளை குறுகியிருந்தால் உள்ளே இருப்பு குறையும். அப்போது கிடைத்ததைக் கொள்ள வேண்டும். விடுதியில் முதற் பந்திக்குப் போனவன் கூட்டில் முருங்கைக்காயாகத் தேடிப் போட்டுக்கொள்வான். கடைசிப் பந்திக்கு வந்தவன் இருப்பதை உண்டு எழுவான். அதுபோலத்தான் இதுவும். ஆகவே பயிரின் உடலில் கனமான கரி சற்று மிகுந்திருந்தால், அப்பயிர் துளையைச் சிக்கனமாகத் திறந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு சிட்டிகை உலர்ந்த இலைத்தூள் அதன் வாழ்நாள் முழுவதன் வரவு செலவையும் சொல்லிவிடும்.

கான்பெராவில் பணியாற்றிய கிரகாம் பார்க்கரும் ரிச்சர்டு ரிச்சர்ட்ஸும் 1984இல் கோதுமையில் இதனை மெய்ப்பித்தனர். அவ்வழியே பொறுக்கி எடுக்கப்பட்ட ‘டிரைஸ்டேல்’ என்னும் கோதுமை இரகம் 2002இல் ஆஸ்திரேலிய உழவர்களுக்கு வந்தது. அடிப்படை இயற்பியலிலிருந்து புறப்பட்டு வயல்வரை வந்து சேர்ந்த அரிய வெற்றி அது.

ஆயினும் அவ்வாராய்ச்சியின் முடிவுகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். மழை மிகக் குறைந்த இடங்களில் இம்முறையில் தெரிந்தெடுத்த கோதுமை ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுதலாக விளைந்தது. மழை ஓரளவு நன்றாகப் பெய்யும் இடங்களில் ஆதாயம் மிகச் சிறிது. ஏன்? சிக்கனமான செடி இளமையில் மெல்ல வளர்கிறது. நிலத்தை இலையால் மூடுவதற்குக் காலதாமதம் ஆகிறது. அதற்குள் வெயில் மண்ணின் ஈரத்தைக் கவர்ந்துவிடுகிறது. செடி சேமித்ததைச் சூரியன் செலவிடுகிறான்.

இஸ்ரேல் நாட்டுப் பயிர் அறிஞர் ஆபிரகாம் பிளம் 2009இல் இதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். வறட்சியில் நாம் தேட வேண்டியது நீர்ச் சிக்கனம் அன்று, நீரை முழுமையாகப் பயன்படுத்தும் ஆற்றலே என்பது அவர் வாதம். மண்ணில் எட்டாமல் கிடக்கும் நீரைக் கூட எட்டி எடுத்து, வேண்டிய பருவத்தில் மணியாக மாற்றும் செடியே அவர் விரும்பிய செடி.

அப்படியானால் சிக்கனம் வேண்டுமா, வேண்டாவா? விடை மண்ணில் இருக்கிறது.

கரிசலின் தாகமும் செம்மண்ணின் தாகமும்

வீட்டிலிருந்து மாதம் ஒரு முறை மொத்தமாகப் பணம் வரும் மாணவன் ஒருவனையும், பத்தும் இருபதுமாக எப்போது வரும் என்று தெரியாமல் பணம் பெறும் மற்றொருவனையும் எண்ணிப் பாருங்கள். முதல்வனுக்குச் சிக்கனமே வாழ்வு. மாதக் கடைசித் தேர்வுக் கட்டணத்துக்கு என்று ஒரு தொகையை அவன் ஒதுக்க வேண்டும். இரண்டாமவனுடைய சட்டைப்பையிலோ ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததை உடனே நல்ல வழியில் செலவிடாவிட்டால் அது கீழே விழுந்து போய்விடும். அவனிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பதால் என்ன பயன்?

கரிசல் நிலத்துக் கோதுமை முதலாம் மாணவன். அதற்கு உரிய வழியை ரிச்சர்ட்ஸும் பாசியூராவும் 1989இல் காட்டினர். கோதுமை விதையிலிருந்து முதலில் கிளம்பும் வேர்களின் நடுவே நீர் ஏறும் பெரிய குழாய் ஒன்று உண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 65 மைக்ரான். இனக்கலப்பின் மூலம் அதனை 55 மைக்ரானுக்கும் கீழே குறைத்தனர். பத்து மைக்ரானால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். குழாயில் பாயும் நீரின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். 55ஐ 65ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ அரை வரும். விட்டம் சிறிது குறைந்தது, ஓட்டமோ பாதியாயிற்று. இளம்பயிர் அவசரப்பட்டு அடிமண் ஈரத்தைக் குடித்துத் தீர்க்க முடியவில்லை. பூக்கும் காலத்துக்கு நீர் எஞ்சியது. மிக வறண்ட இடங்களில் விளைவு 3 முதல் 11 விழுக்காடுவரை கூடியது. மழை பெய்து மேல்மண் நனைந்தாலோ, தண்டின் அடியிலிருந்து வேறு வேர்கள் கிளம்பித் தடையின்றிப் பருகும். ஆதலால் நல்ல ஆண்டில் இழப்பும் இல்லை.

கரிசலில் மற்றொரு சிக்கலும் உண்டு. மேல்மண் விரைவில் காய்ந்துவிடும். விதையை ஆழத்தில் ஈரம் உள்ள இடத்தில் இட வேண்டும். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைகளில் முளையைப் பொதிந்து மேலே கொண்டுவரும் உறையும் குட்டை. ஆழத்தில் இட்டால் அவை மண்ணைத் துளைத்து வெளிவரத் திணறுகின்றன. 1960-களில் வட இந்திய மானாவாரி நிலங்களுக்காக வந்த சி 306 என்னும் நெட்டைக் கோதுமைக்கு அவ்வுறை நீளம். பாசன நிலத்தில் குட்டை இரகங்களிடம் தோற்ற அது, நீரில்லா நிலத்தில் நெடுங்காலம் நின்று பிடித்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். இங்கே செம்மண், கரிசலைப்போல் நீரைத் தேக்கி வைக்காது. மழையும் ஒரே சீராக வருவதில்லை. மே மாதத்தில் ஒரு முறை உயர்ந்து, இடையில் தளர்ந்து, செப்டம்பரில் மிகுந்து பெய்கிறது. இடையிடையே மழையற்ற வாரங்கள். இந்நிலத்துக் கேழ்வரகு இரண்டாம் மாணவனை ஒத்தது. அதற்கு வேண்டியவை மூன்று. மழை விழுந்தவுடன் விரைந்து தழைத்து நிலத்தை மூட வேண்டும். இடைக்கால வறட்சியில் வளர்ச்சியை நிறுத்திப் பொறுத்திருந்து, அடுத்த மழையில் மீண்டும் எழ வேண்டும். பூக்கும் காலம் செப்டம்பர், அக்டோபர் ஈரத்தோடு பொருந்தி வர வேண்டும். இதனால்தான் கர்நாடக உழவர்கள் மழை முன்னே வந்தால் நீண்ட வயதுள்ள இரகத்தையும், தாமதித்து வந்தால் குறுகிய வயதுள்ளதையும் விதைக்கிறார்கள். நாட்களை எண்ணி இரகத்தைத் தேர்வதும் நீரை ஆளும் வழியே ஆகும்.

கேழ்வரகை மேம்படுத்துவது எளிதன்று. அதன் பூ மிகச் சிறிது. விடியுமுன் மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். கோவையில் சிறுதானிய ஆராய்ச்சி நடத்திய ஜி. என். ரங்கசாமி ஐயங்கார் 1930-களில் இதற்கு ஒரு வழி கண்டார். பச்சை நிறச் செடியின் கதிரையும், ஊதா நிறச் செடியின் கதிரையும் சேர்த்துக் கட்டிவிடுவது. தாய்ச்செடியின் விதைகளை முளைக்கவைத்தால் பெரும்பாலானவை பச்சையாக வரும். ஒன்றிரண்டு ஊதாவாக வரும். அவையே கலப்பினம். பொறுமை ஒன்றே கருவி.

மாண்டியாவின் வி. சி. பண்ணையில் சி. எச். இலட்சுமணையா 1951 முதல் கேழ்வரகிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அருணா, உதயா, பூர்ணா, அன்னபூர்ணா, காவேரி, சக்தி என இரகங்கள் வந்தன. பின்பு இந்தியக் கேழ்வரகையும், பெரிய கதிரும் நோய் தாங்கும் வலிமையும் உள்ள ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்தார். இந்தியா, ஆப்பிரிக்கா என்னும் இரு பெயர்களின் தொடக்கத்தையும் சேர்த்து அவ்வரிசைக்கு ‘இண்டாஃப்’ என்று பெயரிடப்பட்டது. அவ்வழியில் பிறந்து, குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 என்னும் இரகம் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1990-களில் வந்து கர்நாடகமெங்கும் பரவியது.

அப்பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நீர்த்திறன் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் கொண்ட நீர் முந்திப் போகும். கனமான ஆக்சிஜன் பின்தங்கி இலையில் செறியும். இச்செறிவைக் கொண்டு பயிர் எவ்வளவு நீரை வெளியிட்டது என்று மதிப்பிடலாம் என்பதை, நிலக்கடலையிலும் நெல்லிலும் ஆராய்ந்து அவ்வளாகத்து அறிஞர் குழு 2005இல் வெளியிட்டது. கரி திறனைச் சொல்கிறது. ஆக்சிஜன் செலவைச் சொல்கிறது. பாசியூராவின் முதல் இரண்டு எண்களையும் தனித்தனியே காணும் வழி இவ்வாறு பிறந்தது. சிக்கனமாகவும் இருந்து, போதுமான அளவு பருகவும் செய்யும் செடியைத் தேடுவதற்கு இரண்டும் வேண்டும் அன்றோ?

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே! நம்முள் பலர் புன்செய் நிலமுள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலும் நமக்குச் சொந்தம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகுச் செம்மண்ணும் நமக்குச் சொந்தம். ‘வறட்சியைத் தாங்கும் விதை’ என்று ஒரு பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்தால், ஊரில் இருப்பவர்கள் நம்மைத்தான் கேட்பார்கள், படித்த பிள்ளை என்று. தவறான விதையால் போவது ஒரு பருவம். மானாவாரி உழவனுக்கு அதே ஆண்டில் இரண்டாவது பருவம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

அப்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இந்த மண் நீரைத் தேக்கி வைப்பதா, விழ விழ இழப்பதா? வறட்சி பயிரின் எந்த வயதில் வருவது வழக்கம்? சென்ற ஆண்டு அறுவடை முடிந்த அன்று, முழங்கை ஆழம் தோண்டினால் மண் எப்படி இருந்தது?

மூன்றாவது வினா மிகவும் பயனுள்ளது. அறுவடையன்று அடிமண்ணில் ஈரம் எஞ்சியிருந்தால் பயிர் குடிக்க வேண்டியதைக் குடிக்கவில்லை; அங்கே ஆழ்ந்த வேரும் விரைந்த வளர்ச்சியும் உள்ள இரகம் வேண்டும். பூப்பதற்கு முன்பே மண் காய்ந்துபோயிருந்தால் பயிர் அவசரப்பட்டுச் செலவிட்டுவிட்டது. அங்கே சிக்கனமான இரகமோ, குறுகிய வயதுள்ள இரகமோ வேண்டும். இதற்குப் பொறிகள் தேவையில்லை. ஒரு மண்வெட்டி போதும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அறுவடை முடிந்த காட்டில் ஓர் இடத்தில் தோண்டிப் பாருங்கள். பார்த்ததை வீட்டில் சொல்லுங்கள்.